எஜமானுக்கு நஷ்ட ஈடு, அடிமைக்கு அறிவுரை

1866இல் அமெரிக்காவில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டு. ஏறத்தாழ நாற்பது லட்சம் கறுப்பின அடிமைகள் விடுதலையாகியிருந்தார்கள். அவர்களுக்கென்றே எழுதப்பட்ட நூல் அது: ‘விடுதலையானோருக்கு எளிய அறிவுரைகள்’. எழுதியவர் க்ளின்டன் ஃபிஸ்க் என்ற படைத்தளபதி. கென்டக்கி, டென்னசி பகுதிகளில் விடுதலையானோர் நலத்துறையின் உதவி ஆணையர். கெட்ட மனிதர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் இந்த நூலைப் பார்த்துக் கோபப்படவே வேண்டியிருக்காது.

உழையுங்கள் என்கிறார் ஃபிஸ்க். சிக்கனமாக இருங்கள், குடிக்காதீர்கள், ஒப்பந்தத்தை மீறாதீர்கள், வெள்ளையரின் வெறுப்பைக் கூட்டும்படி எதையும் செய்துவிடாதீர்கள். பழைய எஜமானைப் பற்றித் தனியாக ஒரு பாடமே இருக்கிறது. அவரோடு பகை வேண்டாம். பாவம், போரில் எவ்வளவோ சொத்தை இழந்து நொந்துபோயிருக்கிறார். அன்பாக நடந்துகொள்ளுங்கள் என்று அந்தப் பாடம் கேட்டுக்கொள்கிறது. இழந்த அந்தச் சொத்து எது என்று பார்த்தால், புத்தகத்தைக் கையில் பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பவனேதான். தான் கைவிட்டுப் போனதற்காக எஜமான் வீட்டுக்கு அவனே போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வர வேண்டும்.

உழைப்பின் பெருமையை யார் யாருக்குச் சொல்வது என்று ஒரு வரைமுறை வேண்டாமா? அரும்பு வயதில் பருத்திக் காட்டில் இறங்கி, முதுகு கூனிய பிறகே கரையேறியவனை உட்காரவைத்து, ‘தம்பி, உழைப்பே உயர்வு’ என்று பாடம் நடத்தினார்கள். மறுபக்கம், குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானே மொண்டு பழகாத ஒரு வர்க்கம் தாழ்வாரத்தில் சாய்ந்துகொண்டு, ‘இந்தக் கறுப்பர்கள் பிறவிச் சோம்பேறிகள், சாட்டை இல்லாவிட்டால் வேலை நடக்காது’ என்று நாட்டின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்பட்டது. அந்த வர்க்கத்துக்கு உழைப்பைப் பற்றி அறிவுரை சொல்லும் புத்தகத்தை யாரும் அச்சிடவில்லை.

நஷ்ட ஈடே கொடுக்காமல் அமெரிக்கா அடிமைகளை விடுவித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடுத்தது. 1862 ஏப்ரலில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, தலைநகர் வாஷிங்டனில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் அடிமைகளை விடுவிக்கச் சட்டம் வந்தது. தலைக்கு 300 டாலர் வரை, மொத்தம் பத்து லட்சம் டாலர் ஒதுக்கீடு. வாங்கிக்கொண்டவர்கள் எஜமான்கள். யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்க ஓர் ஆணையம் உட்கார்ந்தது. அடிமையின் சந்தை விலை ஆணையர்களுக்குத் தெரியவில்லை, கனவான்கள் அல்லவா! ஆகவே பால்டிமோரிலிருந்து கைதேர்ந்த அடிமை வியாபாரி ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஆளைப் பார்த்து விலை சொன்னார். விடுதலைக் காகிதம் கைக்கு வருவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை சந்தையில் நின்றுவிட்டு வந்தார்கள் அந்த ஜனங்கள். கொடுமை என்னவென்றால், தன் மனைவி மக்களைத் தானே விலை கொடுத்து மீட்டு, சட்டப்படி அவர்களுக்கு ‘எஜமானாக’ இருந்த கறுப்பர்கள் சிலரும் அந்த வரிசையில் நின்று தொகை வாங்க வேண்டியிருந்தது.

அடிமைக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஹைட்டிக்கோ லைபீரியாவுக்கோ கப்பலேறி நாட்டை விட்டே போய்விடுவதாக இருந்தால் 100 டாலர் வரை தருவதாக அதே சட்டத்தில் எழுதியிருந்தார்கள். இழந்தவனுக்கு முந்நூறு, ஒழிந்தவனுக்கு நூறு.

படிப்புக்கு வருவோம். அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவர் நூறு பவுண்டு அபராதம் கட்ட வேண்டும் என்று தென் கரோலைனா 1740லேயே சட்டம் செய்தது. 1829இல் ஜார்ஜியா, 1830இல் வட கரோலைனா, 1831இல் வர்ஜீனியா, 1832இல் அலபாமா என்று வரிசையாகப் படிப்புக்குத் தடை வந்தது. அலபாமாவில் அபராதம் 250 முதல் 500 டாலர் வரை. வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் மார்கரெட் டக்ளஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி கறுப்பினக் குழந்தைகளுக்குத் தன் வீட்டில் பாடம் நடத்தினார். அவர்கள் அடிமைகள்கூட அல்லர், சுதந்திரமாகப் பிறந்த பிள்ளைகள். 1854இல் அந்தப் பெண்மணி ஒரு மாதம் சிறையில் இருந்தார். வேதத்தைக் காதால் கேட்டவனுக்கு ஈயத்தைக் காய்ச்சச் சொன்ன சாஸ்திரங்களைப் பற்றி அறிந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெள்ளைக்காரர் ஈயத்துக்குப் பதில் டாலரில் கணக்குப் போட்டார், அவ்வளவே.

கறுப்பனுக்கு மூளை கிடையாது, எழுத்து ஏறவே ஏறாது என்று அதே காலத்தில் அதே மாநிலங்களின் போதகர்களும் பேராசிரியர்களும் மருத்துவர்களும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். பசு பறக்கக் கூடாது என்று எந்த ஊரிலும் சட்டம் போட்டதில்லை. ஏறாத எழுத்துக்கு எதற்கு ஐயா இத்தனை பூட்டு? இந்த விஷயத்தில் நேர்மையாகப் பேசிய ஒரே எஜமான் பால்டிமோரின் ஹியூ ஆல்ட்தான். தன் மனைவி ஓர் அடிமைச் சிறுவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்ததும் அவர் பதறினார்: படித்துவிட்டால் இவன் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போய்விடுவான். பின்னாளில் ஃப்ரெடெரிக் டக்ளஸ் என்ற பெயரில் அறியப்பட்டவர் அந்தச் சிறுவன். எஜமானின் அந்த ஒற்றை வாக்கியத்தையே தன் முதல் பாடமாக எடுத்துக்கொண்டு, தெருப்பையன்களிடம் மிச்சத்தைக் கற்றுக்கொண்டார். கல்வியின் பயனை ஹியூ ஆல்ட் அளவுக்குச் சுருக்கமாக எந்தக் கல்வியாளரும் சொன்னதாகத் தெரியவில்லை.

போர் தொடங்கியதும் பூட்டு உடைந்தது. அதை யாரும் வந்து உடைத்துக் கொடுக்கவில்லை. 1861 செப்டம்பரில் வர்ஜீனியாவின் மன்ரோ கோட்டைக்குத் தப்பி வந்தவர்களுக்கு மேரி பீக் என்ற கறுப்பினப் பெண் பாடம் நடத்த ஆரம்பித்தார். ஒரு கருவாலி மரத்தடிதான் முதல் வகுப்பு என்பார்கள். அதற்கு முன்பே திருட்டுத்தனமாகப் பலருக்கு எழுத்தறிவித்தவர் அவர். ஆறு மாதத்துக்குள் காசநோயில் இறந்தார். 1865 தொடக்கத்தில் சவானா நகரத்துக் கறுப்பர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, தங்களில் படித்தவர்களையே ஆசிரியர்களாக நியமித்து, பள்ளி திறந்தார்கள். இடம் எங்கே தெரியுமா? நகரத்தின் அடிமைச் சந்தைக் கட்டடம். ஜன்னல்களில் கம்பி அப்படியே இருந்தது. ரிச்மண்டில் ராபர்ட் லம்ப்கின் என்ற வியாபாரி நடத்திய அடிமைச் சிறைக்கு ‘பிசாசின் அரை ஏக்கர்’ என்றே பெயர். அவன் செத்த பிறகு, அவனுக்கு அடிமையாக இருந்து அவன் பிள்ளைகளையும் பெற்ற மேரி லம்ப்கின், 1867இல் அந்த இடத்தைப் போதகர் பயிற்சிப் பள்ளிக்கு வாடகைக்கு விட்டார். பின்னாளில் ஒரு பல்கலைக்கழகமாகவே வளர்ந்தது அந்தப் பள்ளி. சாட்டையடித்த அறையில் சிலேட்டு வந்து உட்கார்ந்தது.

லூசியானாவில் நடந்தது இன்னும் அதிசயம். அங்கே ராணுவம் சொத்து வரி போட்டுக் கறுப்பர்களுக்குப் பள்ளிகள் நடத்தியது. வெள்ளையர்கள் முணுமுணுத்தார்கள், 1865 கடைசியில் வரி நின்றது, பள்ளிகள் மூடும் நிலை. அந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? எங்கள்மீது வரி போடுங்கள், பள்ளியை மட்டும் மூடிவிடாதீர்கள் என்று மனு எழுதினார்கள். ஒரு மனு முப்பது அடி நீளம். பத்தாயிரம் பேர் சார்பில் போனது. அதில் கையெழுத்துக்குப் பதில் பலர் போட்டது பெருக்கல் குறி. உலக வரலாற்றில் வரியைக் குறைக்கச் சொல்லிக் கலகம் செய்தவர்கள் உண்டு. அமெரிக்கா என்ற தேசமே அப்படிப் பிறந்ததுதான். வரி போடச் சொல்லிக் கெஞ்சியவர்கள் இவர்கள்தான். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், தங்கள் பிள்ளைகளாவது போடட்டும் என்று பெருக்கல் குறி போட்டார்கள். இவர்களுக்குத்தான் சோம்பேறிகள் என்று பெயர்.

1870க்குள் நலத்துறையின் கணக்கில் நான்காயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள், ஏறத்தாழ இரண்டரை லட்சம் மாணவர்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரிச்சுவடி படித்தார்கள். இந்தத் துறையின் ஆயுளை நீட்டும் மசோதா 1866 பிப்ரவரியில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனிடம் போனபோது, ஏழை வெள்ளையர்களுக்கே அரசு இதையெல்லாம் செய்ததில்லை, கறுப்பர்களுக்கு எதற்கு என்று வாதாடி அதைத் திருப்பியனுப்பினார். வாழ்நாளில் ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகாதவர் ஜான்சன். தையல் கடையில் வேலை பார்த்தவருக்கு எழுத்தும் கணக்கும் சரியாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர் மனைவி. பள்ளிக்கூடம் இல்லாமலே ஜனாதிபதி ஆகலாம் என்பதற்குத் தன்னையே ஆதாரமாக நினைத்தாரோ என்னவோ. அந்த ஆதாரமே பள்ளிக்கூடத்தின் அவசியத்தைக் காட்டிவிட்டது என்று காங்கிரஸுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜூலையில் அவர் மறுப்பையும் மீறி இன்னொரு மசோதாவை நிறைவேற்றியது.

ஆனால் நிலத்தை அவரால் பிடுங்க முடிந்தது. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், தென் கரோலைனா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கரையோர நிலங்களைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வீதம் ஒதுக்கி ஆணையிட்டிருந்தார். நாற்பதாயிரம் பேர் குடியேறி உழுது விதைத்துவிட்டார்கள். ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய பண்ணையார்களுக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தேசத்துக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர்களுக்கு மன்னிப்பும் நிலமும். தேசத்துக்காகச் சண்டை போட்டவர்களுக்குக் கூலி வேலை. செய்தியைச் சொல்ல 1865 அக்டோபரில் எடிஸ்டோ தீவுக்கு அனுப்பப்பட்டவர் நலத்துறையின் தலைவர் ஹோவர்ட். போரில் ஒரு கையை இழந்தவர், பக்திமான். மாதா கோவிலில் கூடிய கூட்டத்திடம், நிலத்தை விட்டுவிடுங்கள், எஜமான்களை மன்னித்துவிடுங்கள் என்றார். ஜனங்கள் குமுறினார்கள். பிறகு ஒரு குழுவாக உட்கார்ந்து அவருக்குப் பதில் எழுதினார்கள். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் சகோதரியையும் துணியுரிந்து அடித்தவனை, இன்றைக்கும் அவன் சொல்கிற நிபந்தனைக்கு உட்பட்டால்தான் அவனுடைய காலிக் குடிசையில் தங்கலாம் என்கிறவனை நான் எப்படி மன்னிப்பது என்பது அதன் சாரம். அந்தக் கேள்விக்கு ஹோவர்டிடம் பதில் இல்லை. அவரை அனுப்பியவருக்குக் கேள்வியே காதில் விழவில்லை.

நிலம் போனதும் மாநிலச் சட்டமன்றங்கள் கச்சை கட்டிக்கொண்டு வேலையில் இறங்கின. 1865 நவம்பரில் மிசிசிப்பி இயற்றிய சட்டங்களின் அழகைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் கறுப்பன் தனக்கு வேலை இருப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்குள் வேலையை விட்டால் அதுவரை உழைத்த கூலி போச்சு. அப்படி விட்டுப் போனவனை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டுவந்து ஒப்படைக்கலாம், பிடித்தவருக்கு ஐந்து டாலரும் மைலுக்குப் பத்து சென்டும் சன்மானம். வேலையில்லாமல் திரிந்தால் அபராதம். ஐந்து நாளில் கட்டாவிட்டால், கட்டுகிறவரிடம் ஏலத்தில் போக வேண்டியது. அநாதைப் பிள்ளைகளையும், பெற்றோரால் காப்பாற்ற முடியாதென்று நீதிமன்றம் கருதும் பிள்ளைகளையும் ஆண் என்றால் இருபத்தொரு வயதுவரை, பெண் என்றால் பதினெட்டு வயதுவரை ‘தொழில் பழக’ ஒப்படைக்கலாம். முன்னுரிமை பழைய எஜமானுக்கு. இதில் ஒரு கருணையும் உண்டு: பிள்ளை பதினைந்து வயதுக்குக் கீழ் என்றால் எஜமான் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அடிமை எழுத்தைத் தொட்டால் சாட்டையை எடுத்தவரே இப்போது வாத்தியார். தென் கரோலைனாவோ, விவசாயக் கூலியும் வீட்டு வேலையும் தவிர வேறு எந்தத் தொழில் செய்தாலும் உரிமக் கட்டணம் கேட்டது. கடை வைக்க ஆண்டுக்கு 100 டாலர். உழையுங்கள், முன்னேறுங்கள் என்று தளபதிகள் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தது இதே நாட்களில்தான்.

அந்தக் காலத்தில் எழுதப்பட்டவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த அங்கதம் எழுத்தாளர் யாரும் எழுதியதல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வாயால் சொல்லி எழுதவைத்த கடிதம். ஜோர்டன் ஆண்டர்சன் டென்னசியில் முப்பத்திரண்டு வருஷம் கர்னல் ஆண்டர்சனுக்கு அடிமையாக இருந்தவர். 1864இல் விடுதலைச் சீட்டு வாங்கிக்கொண்டு, மனைவி மாண்டியோடும் பிள்ளைகளோடும் ஓஹையோவின் டேட்டன் நகருக்குப் போய்விட்டார். போர் முடிந்து, பண்ணை தரிசாகி, அறுவடைக்கு ஆளில்லாமல் தவித்த கர்னல், திரும்பி வா, உன்னை நன்றாக வைத்துக்கொள்கிறேன் என்று கடிதம் போட்டார். 1865 ஆகஸ்டில் ஜோர்டன் பதில் அனுப்பினார். அது பத்திரிகைகளில் வந்து நாடே படித்தது.

என்னை மறக்காமல் இருந்ததற்கு நன்றி என்று மரியாதையாகத் தொடங்குகிறார். நான் புறப்படுவதற்கு முன்னால் நீங்கள் என்னை இரண்டு முறை சுட்டிருந்தாலும், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் சந்தோஷம். இங்கே மாதம் 25 டாலர், சாப்பாடு, துணிமணி. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். மகன் க்ரண்டிக்குப் போதகராகும் மூளை இருக்கிறதென்று வாத்தியார் சொல்கிறார். நீங்கள் எவ்வளவு தருவீர்கள்? உங்கள் வார்த்தையில் நம்பிக்கை வருவதற்காக, இதுவரை செய்த வேலைக்குக் கூலியை முதலில் அனுப்பிப் பாருங்கள் என்று மாண்டி சொல்கிறாள். எனக்கு மாதம் 25 டாலர் வீதம் 32 வருஷம், மாண்டிக்கு வாரம் 2 டாலர் வீதம் 20 வருஷம், ஆக 11,680 டாலர். வட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு எடுத்துக் கொடுத்த துணிக்கும், எனக்காக டாக்டர் மூன்று தடவை வந்ததற்கும், மாண்டிக்குப் பல் பிடுங்கியதற்கும் கழித்துக்கொள்ளுங்கள்.

பல் பிடுங்கிய கூலியைக் கழிக்கச் சொல்கிற அந்த நியாயத்தைப் பாருங்கள். முப்பத்திரண்டு வருஷக் கடன்காரனுக்கு முன்னால் பைசா சுத்தமாகக் கணக்கை வைக்கிறார். அப்புறம் குரல் மாறுகிறது. என் பெண்கள் மில்லியும் ஜேனும் இப்போது வளர்ந்துவிட்டார்கள், அழகாக இருக்கிறார்கள். அங்கே மடில்டாவுக்கும் கேத்தரினுக்கும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். என் பெண்களுக்கு எஜமானின் பிள்ளைகளால் அந்தக் கதி வருவதைவிட இங்கேயே பட்டினி கிடந்து சாவேன். உங்கள் பக்கத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறார்களா என்றும் எழுதுங்கள். பிள்ளைகளைப் படிக்கவைப்பதுதான் இப்போது என் ஒரே ஆசை. கடைசியில், நீங்கள் என்னைச் சுட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிய ஜார்ஜ் கார்ட்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒரு வசவு கிடையாது. ஒரு வரியில்கூடக் குரல் உயரவில்லை. பேனா பிடிக்கத் தெரியாதவர் செய்த வேலை இது. இந்த வாய்க்குப் பேனாவும் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துத்தான் அத்தனை மாநிலங்களும் சட்டம் போட்டு வைத்திருந்தன.

சட்டத்தின் காலம் முடிந்ததும் நெருப்பு வேலைக்கு வந்தது. 1866 மே முதல் மூன்று நாட்கள் டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் உள்ளிட்ட வெள்ளைக் கும்பல் கறுப்பர் குடியிருப்பில் புகுந்தது. தீயணைப்பு வீரர்கள் எதற்கு வந்தார்கள் என்று அப்பாவித்தனமாகக் கேட்கக் கூடாது. 46 கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். 91 வீடுகள், நான்கு ஆலயங்கள், பன்னிரண்டு பள்ளிகள் சாம்பல். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. சோம்பேறிகள் படிக்கும் பள்ளியைக் கொளுத்த மூன்று நாள் கண்விழித்து உழைத்தவர்களின் சுறுசுறுப்பை ஃபிஸ்க் தன் அடுத்த பதிப்பில் எடுத்துக்காட்டாகச் சேர்த்திருக்கலாம்.

இத்தனைக்கும் நடுவில், 1868இல் தென் கரோலைனாவுக்குப் புதிய அரசியல் சாசனம் எழுதக் கூடிய அவையில் கறுப்பர்களே பெரும்பான்மை. கைக்கு அதிகாரம் வந்தால் பழிவாங்குவார்கள் என்று பண்ணையார்கள் நடுங்கினார்கள். ஆனால் அந்த அவை எழுதிவைத்தது எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக் கல்வி. வெள்ளைப் பண்ணையார்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்டும் ஏழை வெள்ளைக் குழந்தைக்குச் செய்து தராததை, நேற்றைய அடிமைகள் செய்து கொடுத்தார்கள். அந்த அவையில் இருந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862இல் எதிரிப் படையின் கப்பலையே ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு தப்பியவர், பிறகு தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே விலைக்கு வாங்கியவர். 1895இல் அதே மாநிலம் கறுப்பரின் ஓட்டைப் பறிக்க இன்னொரு சாசன அவையைக் கூட்டியபோதும் ஸ்மால்ஸ் அங்கே நின்று எதிர்த்தார். அப்போது அவையில் கறுப்பர்கள் ஆறே பேர். இடையில் 1873இல் நம் ஊர் ஜோதிராவ் பூலே தன் ‘குலாம்கிரி’ (அடிமைத்தனம்) என்ற நூலை, அடிமைகளை விடுவித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டு ஏப்ரலில் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில், சரணடைந்த கறுப்பர்களைக்கூட விடாமல் சுட்டுக் குவித்திருந்தார்கள். காணிக்கையைப் பெற்றுக்கொள்ளும் யோக்கியதை அந்த மக்களில் யாருக்கு இருந்தது என்றால், முப்பது அடி மனுவில் பெருக்கல் குறி போட்டவர்களுக்கு.

வடக்கத்திய தர்மவான்கள் கறுப்பரின் கல்வியைக் கைவிடவில்லை. ஆனால் எந்தக் கல்வி? 1868இல் ஹாம்ப்டன் பள்ளியைத் தொடங்கிய சாமுவேல் ஆம்ஸ்ட்ராங், கைத்தொழிலும் கட்டுப்பாடும் ஒழுக்கமும் போதும் என்று நம்பினார். கறுப்பர்கள் அரசியலுக்கு அவசரப்படக் கூடாது என்பது அவர் கருத்து. பின்னாளில் கறுப்பினத் தலைவராகப் புகழ்பெற்ற புக்கர் டி. வாஷிங்டன் அங்கே சேர வந்தபோது அவருக்கு நுழைவுத் தேர்வு ஓர் அறையைப் பெருக்குவது. மூன்று முறை பெருக்கி, நான்கு முறை தூசு துடைத்தாராம். தலைமை ஆசிரியை கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். தன் வரலாற்றில் வாஷிங்டன் இதைப் பெருமையாகவே சொல்கிறார். அவர் பட்ட பாட்டைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நன்கொடையாளர்களைக் கேலி செய்யலாம். துடைப்பத்துக்குப் பணம் கொட்டியது; லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த கறுப்பினக் கல்லூரிகள் கையேந்தி நின்றன. ஃபிஸ்க் பெயரால் நாஷ்வில்லில் எழுந்த கல்லூரி திவாலாகாமல் தப்ப, 1871இல் மாணவர்களே ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பாடிப் பணம் சேர்த்தார்கள்.

கிரேக்கம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கிரேக்க இலக்கணம் தெரிந்த ஒரு கறுப்பனைக் காட்டினால் அவனையும் மனிதன் என்று ஒப்புக்கொள்கிறேன் என்று அடிமை முறையின் பெரும் வக்கீலான ஜான் கால்ஹூன் சொன்னதாக, கறுப்பின அறிஞர் அலெக்சாண்டர் க்ரம்மல் எழுதிவைத்திருக்கிறார். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்து, திருட்டுத்தனமாக எழுத்துக் கற்றுக்கொண்ட வில்லியம் ஸ்கார்பரோ 1881இல் கிரேக்க மொழிப் பாடநூலே எழுதி வெளியிட்டார். கால்ஹூன் அதற்குள் செத்துப்போயிருந்தார். அவருடைய சீடர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். கிரேக்கம் தெரிந்தவனுக்கும் ஓட்டு இல்லாமல் செய்வது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்கனம் என்றார்களே, அதையும் செய்தார்கள். 1865 மார்ச்சில் லிங்கன் கையெழுத்தோடு விடுதலையானோர் சேமிப்பு வங்கி பிறந்தது. சலவைக்காரிகளும் சமையற்காரிகளும் சிப்பாய்களும் ஐந்து சென்டும் பத்து சென்டுமாகப் போட்டார்கள். தலைமை அலுவலகம் வாஷிங்டனில் அரசாங்கக் கருவூலத்துக்கு எதிரே கம்பீரமாக நின்றது. அரசாங்க வங்கி என்றே ஜனங்கள் நம்பினார்கள், நம்பும்படியே பேசினார்கள். 1870இல் விதியைத் தளர்த்தி, கடன் கொடுக்கும் வேலையை நிதிப் பெரும்புள்ளி ஜே குக்கின் தம்பி ஹென்றி குக் போன்றவர்கள் கையில் விட்டார்கள். கறுப்பரின் சேமிப்பு வெள்ளையரின் கம்பெனிகளுக்குப் போனது. கப்பல் மூழ்கும் நேரத்தில், 1874இல், ஃப்ரெடெரிக் டக்ளஸைக் கூப்பிட்டுத் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் அவரும் தன் சொந்தப் பணம் பத்தாயிரம் டாலரைப் போட்டார். சில மாதங்களில் வங்கி கவிழ்ந்தது. 61,000 பேரின் ஏறத்தாழ முப்பது லட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. பலருக்குச் சல்லிக்காசு திரும்பவில்லை. தின்றவர்கள் யாரும் உள்ளே போகவில்லை.

உள்ளே போனவர்கள் வேறு ஆட்கள். அடிமை முறையை ஒழித்த 13ஆம் சாசனத் திருத்தத்தில், குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் மட்டும் கட்டாய உழைப்பு செல்லும் என்று ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. சிறைவாசிகளைச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் பண்ணைக்கும் வாடகைக்கு விட்டார்கள். 1876இல் மிசிசிப்பி, பன்றி ஒன்றைத் திருடினாலே ஐந்தாண்டு வரை சிறை என்றது. 1874இல் 272 பேர் இருந்த அதன் சிறைகளில் 1877 கடைசியில் 1,072 பேர். மூன்றே ஆண்டுகளில் நாலு மடங்கு. எஜமானாவது விலை கொடுத்து வாங்கிய ஆள் செத்துவிடக் கூடாதென்று கஞ்சி ஊற்றினான். வாடகைக்கு எடுத்தவனுக்கு அந்தக் கவலையும் இல்லை, செத்தால் இன்னொரு பன்றித் திருடன் வருவான். அலபாமாவில் 1928 வரை இந்த வியாபாரம் நடந்தது.

இப்போது சட்டம் செய்த பெரிய தமாஷ். 1870இல் கறுப்பர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு எழுத்து தெரியாது. 1900இல் அது நாற்பத்தைந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. நெருப்புக்கும் சிறைக்கும் திவாலுக்கும் நடுவே முப்பது ஆண்டில் ஒரு ஜனம் இப்படிப் படித்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த தெற்கத்தியச் சட்டமன்றங்களுக்கு இடையிலேயே கல்வியின்மேல் திடீர்க் காதல் பிறந்தது. 1890இல் மிசிசிப்பி சொன்னது: ஓட்டுப் போட வேண்டுமா, அரசியல் சாசனத்தின் எந்தப் பிரிவைக் காட்டினாலும் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவர் வெள்ளைப் பதிவாளர். படித்தால் குற்றம் என்று சவுக்கெடுத்தவர்களின் மகன்கள், படிக்காவிட்டால் ஓட்டில்லை என்று பேனாவை எடுத்தார்கள். இதில் ஏழை வெள்ளையனும் மாட்டிக்கொள்வானே என்ற சங்கடத்துக்கு 1898இல் லூசியானா தீர்வு கண்டுபிடித்தது. 1867 ஜனவரி முதல் தேதிக்கு உன் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஓட்டு இருந்திருந்தால் உனக்குப் பரீட்சை இல்லை. அந்தத் தேதியில் எந்தக் கறுப்பனின் தாத்தாவுக்கு அங்கே ஓட்டு இருந்தது! 1896இல் லூசியானாவில் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள். 1904இல் 1,342 பேர்.

கடைசியாக ஒரு பெண்மணியின் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். கேலி ஹவுஸ், டென்னசியில் அடிமையாகப் பிறந்தவர். நாஷ்வில்லில் துணி வெளுத்தும் தைத்தும் பிள்ளைகளை வளர்த்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றவர். போர்ச் சிப்பாய்களுக்குக் கொடுப்பதுபோல, வாழ்நாளெல்லாம் கூலியின்றி உழைத்துக் கிழடான முன்னாள் அடிமைகளுக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்று 1890களின் கடைசியில் சங்கம் கட்டினார். சந்தா மாதம் பத்து சென்ட். நோயாளிகளுக்கு உதவியும் ஈமச் செலவும் அதிலிருந்தே. லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். தபாலில் கடிதமும் துண்டறிக்கையும் பறந்தன. 1915இல் இந்த இயக்கத்தார் கருவூலத்தின்மேல் வழக்கே போட்டார்கள்: போர்க்காலத்திலும் அதன் பிறகும் பருத்தி வரியாக வசூலித்த 6 கோடியே 80 லட்சம் டாலர், அந்தப் பருத்தியை விளைவித்தவர்களுக்குச் சேர வேண்டியது. அரசு தன் சம்மதம் இல்லாமல் தன்மேல் யாரும் வழக்குப் போட முடியாது என்றது. நீதிமன்றமும் ஆமாம் என்றது.

அதோடு விடவில்லை. தபால் துறை கேலி ஹவுஸைத் தபால் மோசடிக்காரி என்று பிடித்தது. வாதம் இதுதான்: முன்னாள் அடிமைகளுக்கு அரசு ஓய்வூதியம் கொடுக்கப்போவதே இல்லை, கொடுக்கப்போவதில்லை என்று தெரிந்திருந்தும் கொடுக்கக்கூடும் என்று ஜனங்களுக்கு எழுதிச் சந்தா வாங்கியது ஏமாற்று. கொடுக்கப்போவதில்லை என்பதற்குச் சாட்சி யார்? கொடுக்க மறுத்தவர்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொள் என்றார்கள், கற்றுக்கொண்டார். சங்கமாகச் சேர், சேமி, சட்டப்படி கேள் என்றார்கள், எல்லாவற்றையும் செய்தார். 1917இல் நாஷ்வில் நீதிமன்றத்தில் வெள்ளை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மிசௌரி மாநிலச் சிறையில் ஓராண்டும் ஒரு நாளும்.